முன்கண்ணாடியின் உள்பக்கம்: துடைத்த மூன்றாம் நாளே மறுபடியும் மங்கல், என்னதான் செய்வது?

#1 இரவுவண்டி

வணக்கம் நண்பர்களே. பல மாதமாக வாசித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்றுதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

வண்டி வாங்கி ஏழு மாதம் ஆகிறது. பகலில் ஒரு குறையும் இல்லை. இரவில் எதிரே ஒரு வண்டி வந்தால் போதும், அதன் விளக்கு வெளிச்சம் கண்ணாடி முழுக்கப் பஞ்சு மாதிரி பரவிவிடுகிறது. சாலையின் ஓரக்கோடு ஓரிரு நொடி காணாமல் போகிறது. முதலில் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்து, போய்ப் பரிசோதித்தும் பார்த்தேன். கண் நன்றாக இருக்கிறதாம். அப்புறம் ஒருநாள் யதேச்சையாகக் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரல் பட்டது. பட்ட இடம் மட்டும் தெளிவாகக் கோடு விழுந்தது!

ஈரத்துணி, செய்தித்தாள், நீல நிறத்தில் வருமே அந்தக் கண்ணாடித் திரவம், மூன்றும் ஆயிற்று. துடைத்தவுடன் பளிச்சென்று இருக்கிறது. மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் என் கை போன வழியெல்லாம் வளைவு வளைவாகத் தீற்றல். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மூன்றே நாளில் பழைய மங்கலும் திரும்பி வந்துவிடுகிறது. நான் புகை பிடிப்பதில்லை, வண்டிக்குள் யாரையும் பிடிக்க விடுவதுமில்லை. பிறகு எங்கிருந்துதான் வருகிறது இது?

இன்னொன்று. கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்த மூலைக்குக் கை போகவே மாட்டேன் என்கிறது. நீங்களெல்லாம் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

#2 திருகாணி

இரண்டு மைக்ரோஃபைபர் துணி. ஒன்று லேசான ஈரம், ஒன்று காய்ந்தது. அவ்வளவுதான் சார்.

#3 இரவுவண்டி

அதுவும் செய்தாயிற்று திருகாணி. நல்ல தடிமனான துணிதான். ஆனால் அழுக்கு இங்கிருந்து அங்கே இடம் மாறுகிறதே தவிர, கண்ணாடியை விட்டு இறங்கவில்லை.

#4 பழையவண்டி

தம்பி, இத்தனை வகைத் துணியும் மருந்தும் வருவதற்கு முன்னாலும் நாங்கள் கண்ணாடி துடைத்தோம். செய்தித்தாளைக் கசக்கி, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் விட்டு நனைத்து, நன்றாக அழுத்தித் தேய்த்துவிடு. தாள் பஞ்சு விடாது. என் வண்டிக்கு இருபத்திரண்டு வயது, கண்ணாடி இன்றும் பளபளவென்று இருக்கிறது.

#5 வேதிவாத்தியார்

இரவுவண்டி கேட்ட 'எங்கிருந்து வருகிறது' என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே, நான் முயல்கிறேன். பாடம் நடத்துவது மாதிரி இருந்தால் மன்னிக்கவும், தொழில் பழக்கம்.

புது வண்டி வாசனை என்று ஆசையாக முகர்கிறோமே, அதே கூட்டத்தைச் சேர்ந்ததுதான் உங்கள் கண்ணாடியில் இருப்பதும். டேஷ்போர்டு, கதவு உறை, இருக்கை உறை இவற்றில் பலவும் பிவிசி போன்ற பிளாஸ்டிக். பிவிசி தன் இயல்பில் விறைப்பானது. அதை வளையவைக்கப் பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற பொருளைக் கலக்கிறார்கள். அது பிளாஸ்டிக்கோடு ரசாயனப் பிணைப்பில் இல்லை, இடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. வண்டி வெயிலில் நின்றால் டேஷ்போர்டு சூடேறி, அதில் ஒரு பகுதி ஆவியாகக் கிளம்பும். பசைகளிலிருந்தும் நுரைப்பஞ்சிலிருந்தும் வேறு சில கிளம்பும். மாலையில் முதலில் குளிர்வது கண்ணாடி. அதுவும் டேஷ்போர்டுக்கு நேர் மேலே சாய்ந்து கிடக்கும் பெரிய கண்ணாடி. ஆவி அங்கே போய்ப் படிகிறது, குளிர்ந்த மூடியில் நீர் கோர்ப்பதைப் போல. தண்ணீர் என்றால் காய்ந்துவிடும். இது எண்ணெய், அங்கேயே தங்கிவிடும். அதன்மேல் தூசி, நம் மூச்சு, தோலின் எண்ணெய்ப்பசை, வென்ட்டில் வரும் புழுதி எல்லாம் ஒட்டிக்கொள்கின்றன.

இது வாகனத் துறைக்கு நன்றாகவே தெரிந்த விஷயம், இதற்கென்று சோதனை முறையே உண்டு. ஜெர்மனியின் டிஐஎன் 75201, உலக அளவில் ஐஎஸ்ஓ 6452. உள்ளலங்காரப் பொருளில் ஒரு துண்டை ஒரு குவளையில் போட்டு 100 டிகிரியில் 3 மணி நேரம் சூடாக்குவார்கள். மேலே மூடியிருக்கும் கண்ணாடித் தட்டை 21 டிகிரியில் குளிர்ச்சியாக வைத்திருப்பார்கள். பிறகு அந்தத் தட்டின் பளபளப்பு எவ்வளவு குறைந்தது என்று அளப்பார்கள். இன்னொரு வகையில் கண்ணாடிக்குப் பதில் அலுமினியத் தாள், 16 மணி நேரம், கடைசியில் படிந்ததை எடை போடுவது. ஆக, உங்கள் வண்டி நிறுத்துமிடத்தில் தினமும் நடப்பதைத்தான் அவர்கள் குவளைக்குள் நடத்திப் பார்க்கிறார்கள்.

பகலில் ஏன் தெரிவதில்லை? படலம் நுண்ணிய துளிகளாக இருக்கிறது. ஒவ்வொரு துளியும் விழும் ஒளியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறடிக்கிறது. பகலில் பின்னணியும் வெளிச்சம் என்பதால் அது அமுங்கிவிடும். இரவில் பின்னணி கறுப்பு. எதிரே வரும் விளக்கிலிருந்து சிதறும் அந்தக் கொஞ்ச ஒளியே திரை போட்ட மாதிரி மறைக்கிறது.

வினிகர் பற்றி ஒரு வார்த்தை. அது அமிலம். உப்பு நீர்க்கறைக்கு நல்லது. எண்ணெய்க்கு அதனிடம் பெரிய பதில் இல்லை. பழையவண்டி ஐயாவின் டேஷ்போர்டு இருபத்திரண்டு வருடத்தில் விட வேண்டிய ஆவியில் பெரும்பகுதியை எப்போதோ விட்டு முடித்திருக்கும். அதுவும் அந்தப் பளபளப்புக்கு ஒரு காரணம்!

#6 பழையவண்டி

வாத்தியார் சொன்னால் சரி. ஆனால் வினிகரைக் குறை சொன்னாலும் தாளைக் குறை சொல்லாதீர்கள்.

#7 துடைப்பவன்

இது என் தினசரி வேலை. வண்டியில் எல்லா இடத்தையும் முடித்துவிட்டுக் கடைசியில் கண்ணாடிக்கு வருவேன். வண்டியை எடுக்க வருபவர் முதலில் பார்ப்பதும் அதைத்தான், திட்டுவதும் அதற்குத்தான். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வண்டி நிழலில் நிற்க வேண்டும், கண்ணாடியைத் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சூடான கண்ணாடியில் எதைத் தடவினாலும் துடைப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்தால் கோடு. வந்த வேகத்தில் வெயிலில் நிறுத்தித் துடைப்பவர்கள்தான் 'எந்த மருந்தும் வேலை செய்யவில்லை' என்று சொல்வார்கள்.

மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை. 70 சதவீத ஐசோபிரைல் ஆல்கஹால், அதே அளவு காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து புள்ளியாக நிற்கும். எண்ணெய்ப் படலத்தைக் கரைக்கும், தானும் ஆவியாகிப் போய்விடும், மிச்சம் வைக்காது. ஏழு மாதம் சேர்ந்த அழுக்கு என்றால் முதல் தடவை தண்ணீர் கலக்காமலே துடைக்கலாம். கதவுகளைத் திறந்து வையுங்கள். இது தீப்பிடிக்கும் பொருள், நெருப்பு கிட்டே வரக் கூடாது, பாட்டிலை வண்டிக்குள் விட்டுவிட்டும் போகக் கூடாது. டேஷ்போர்டின் மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். சில பிளாஸ்டிக்கிலும் தோலிலும் ஆல்கஹால் சொட்டினால் நிறம் மங்கும்.

திரவத்தைத் துணியில்தான் தெளிக்க வேண்டும், கண்ணாடியில் தெளிக்கவே கூடாது. கண்ணாடியில் அடித்தால் வழிந்து காற்று வரும் துவாரத்துக்குள் இறங்கும். பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வைத்திருக்கும் உள்கண்ணாடிக்குப் பின்னால் மழை சென்சார், புது வண்டிகளில் கேமரா எல்லாம் இருக்கும். அந்த மூடியைச் சுற்றித் துணியால் மெதுவாகத் துடைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மூடியைக் கழற்ற வேண்டாம். கேமரா இம்மி நகர்ந்தாலும் மறுபடி அளவு வைக்கச் சொல்வார்கள்.

இப்போது துணி. தடிமனான, புசுபுசுவென்ற துணி பெயின்ட்டுக்கு. கண்ணாடிக்கு மெல்லிய, குட்டையான இழை உள்ள துணி, அல்லது கட்டம் கட்டமாக நெய்தது. நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒரு முகம் அழுக்கானால் அடுத்தது. இந்த இடத்தில்தான் இரவுவண்டி மாட்டியிருக்கிறார் என்று நினைக்கிறேன். 'அழுக்கு இடம் மாறுகிறது' என்றார் பாருங்கள், ஒரே முகத்தால் கண்ணாடி முழுவதையும் துடைத்தால் அப்படித்தான் ஆகும். எண்ணெய் கரையும், துணி ஏற்கெனவே நிறைந்திருக்கும், அடுத்த இழுப்பில் அதையே திரும்பப் பூசிவிடும். முதல் சுற்று கரைத்து எடுக்க. இரண்டாவது சுற்று வேறு துணி, மறுபடி ஆல்கஹால். மூன்றாவது காய்ந்த துணி, அழுத்தாமல். மூன்று சுற்றும் போனால்தான் போகும், அதிலும் முதல் தடவை.

மூலைக்கு வருகிறேன். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முயல வேண்டாம், ஸ்டீயரிங் குறுக்கே நிற்கும். பக்கத்து இருக்கையைப் பின்னால் தள்ளிவிட்டு அங்கே உட்காருங்கள், வண்டியின் பாதி அகலத்துக்கு மேல் எட்டும். கீழ் மூலைக்கு உள்ளங்கையைக் கண்ணாடிப் பக்கம் திருப்ப முயன்றால் மணிக்கட்டு மடங்காது. கையைக் கவிழ்த்து, துணியைப் புறங்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வைத்து விரல் நுனியால் தள்ளுங்கள். புறங்கை அந்தச் சாய்வில் தானாகவே படிந்து போகும்.

கடைசியாக ஒன்று, இதை எனக்குக் கற்றுத்தந்தவர் சொன்னது. உள்பக்கம் எப்போதும் மேலிருந்து கீழாகத் துடை, வெளிப்பக்கம் எப்போதும் இடமிருந்து வலமாக. அப்புறம் ஒரு கோடு தெரிந்தால் அது எந்தப் பக்கத்துக் கோடு என்று குழம்ப வேண்டாம்.

இரவுவண்டியிடம் இரண்டு கேள்வி. துணிகளை எதில் துவைக்கிறீர்கள்? டேஷ்போர்டுக்கு ஏதாவது பூசுகிறீர்களா?

#8 மழைமேகம்

துடைப்பவன் அண்ணா, நீளக் கைப்பிடியில் முக்கோணத் தலை வைத்து விற்கிறார்களே, அது உதவுமா? எனக்குக் கை குட்டை, புறங்கை வித்தை செய்தும் இரண்டு சாண் எட்டவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் சன் ஃபிலிம் ஒட்டியிருக்கிறேன், அதற்கும் இதே ஆல்கஹால்தானா?

#9 துடைப்பவன்

உதவும் அக்கா. ஆனால் அழுத்தம் தலையின் நடுவில்தான் விழும், ஓரத்தில் விழாது. அதனால் முதல் இரண்டு சுற்றுக்கு அது, கடைசிச் சுற்றுக்கு முடிந்த இடமெல்லாம் கை. அதோடு வரும் உறையை அப்படியே போடாமல், மெல்லிய துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டால் முகம் மாற்றுவது சுலபம்.

சன் ஃபிலிமுக்கு அமோனியா கலந்த கண்ணாடித் திரவம் கூடாது, நாளடைவில் கெடுத்துவிடும். வெறும் நீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பிறகு வெறும் ஈரத்துணி, பிறகு காய்ந்தது. ஒரு சொட்டு என்றால் ஒரே சொட்டு. பின்கண்ணாடியில் பழுப்பு நிறத்தில் மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும், பனி போக்கும் ஹீட்டர் அதுதான். கோட்டின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே தேய்த்து ஒன்று அறுந்தால் அந்த வரி மட்டும் தெளியாது.

#10 ஆவிமனிதன்

நான் எலக்ட்ரானிக் சிகரெட் பிடிப்பவன், அடிக்க வராதீர்கள். எனக்கு இந்தப் படலம் ஒரே வாரத்தில் வழவழவென்று வரும். ஆல்கஹாலில் துடைத்தாலும் இழுவிக்கொண்டே போகிறது.

#11 வேதிவாத்தியார்

அதில் இருப்பது பெரும்பாலும் கிளிசரினும் புரொப்பிலீன் கிளைக்காலும். இரண்டும் தண்ணீரில் நன்றாகக் கரையும். முதலில் தாராளமான ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் பிளாஸ்டிக் எண்ணெய்க்கு மட்டும் ஆல்கஹால் போடுங்கள். வரிசை மாறினால் இழுவும்.

#12 இரவுவண்டி

துடைப்பவன், உங்கள் இரண்டு கேள்வியைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

துணிகளை வாஷிங் மெஷினில்தான் போடுகிறேன், மற்ற துணிகளோடு. வாசனைக்காக ஃபேப்ரிக் கண்டிஷனரும் உண்டு. அப்புறம் டேஷ்போர்டு... ஒவ்வொரு ஞாயிறும் பாலிஷ் அடிக்கிறேன். வாங்கிய நாள் மாதிரியே மின்ன வேண்டும் என்று ஆசை. புட்டியில் சிலிக்கோன் என்று எழுதியிருக்கிறது.

#13 துடைப்பவன்

ஆள் அகப்பட்டார்!

கண்டிஷனர் என்பது துணி இழையின் மேல் வழுவழுப்பான ஒரு பூச்சை விடும் பொருள். சட்டைக்கு மென்மை. மைக்ரோஃபைபருக்கோ, அழுக்கைப் பிடிக்கும் இழையெல்லாம் அடைபட்டுப்போகும். நீங்கள் அந்தப் பூச்சை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தத் துணிகளை வேறு வேலைக்கு ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குங்கள். துவைக்கும்போது தனியாக, சாதாரணத் திரவ சோப்பில், பருத்தித் துண்டுகளோடு சேர்க்காமல். பருத்திப் பஞ்சு ஒட்டினால் பிறகு கண்ணாடியில்தான் வந்து நிற்கும்.

பாலிஷ் விஷயத்தில் நான் கொஞ்சம் கோபக்காரன், தவறாக எடுக்க வேண்டாம். வெயிலில் சூடாகும் தட்டின் மேல் வாராவாரம் நீங்களே எண்ணெய் பூசுகிறீர்கள், வாத்தியார் சொன்ன குவளைச் சோதனையை நீங்களே நடத்துகிறீர்கள். போதாக்குறைக்கு மின்னும் டேஷ்போர்டின் பிம்பம் பகலில் கண்ணாடியில் விழும். தயாரித்தவர்கள் அதை மங்கலாகச் செய்ததே அது விழக் கூடாது என்றுதான். லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் பாலிஷை எடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று முறை ஆகும். பிறகு ஒன்றும் பூசாதீர்கள். டேஷ்போர்டை முடித்த பிறகுதான் கண்ணாடி.

#14 மழைமேகம்

மழையில் உள்ளே பனி கோர்க்காமல் இருக்க ஷேவிங் நுரை பூசலாம் என்று எங்கும் எழுதுகிறார்களே?

#15 வேதிவாத்தியார்

பனி கோர்ப்பதைக் கொஞ்ச நாள் தடுக்கும். சோப்பு மாதிரியான ஒரு பொருள் கண்ணாடியில் தங்கி, நீரைத் துளியாகச் சேரவிடாமல் தகடாகப் பரப்பிவிடும். ஆனால் தங்குவதும் ஒரு படலம்தானே. இரவில் அதுவும் ஒளியைச் சிதறடிக்கும். சுத்தமான கண்ணாடியிலேயே நீர் ஓரளவு பரவும். எண்ணெய்ப்பசை உள்ள கண்ணாடியில்தான் குட்டிக் குட்டித் துளியாக நின்று பால்போல் வெளுக்கும். துடைத்து வைத்தாலே பாதிப் பனி குறைவதைப் பார்க்கலாம். மீதிக்கு ஏசியைப் போடுங்கள், உள்காற்றுச் சுழற்சியை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும்.

#16 நெடுஞ்சாலை

இடையில் வருகிறேன், என்னுடையதும் மூன்று நாள் கதைதான். ஆனால் நான் பாலிஷ் அடிப்பதில்லை, வண்டியும் பழையது, துணியும் சரி. கண்ணாடிக்கு ஹீட்டர் காற்றைத் திருப்பினால் சில நிமிடத்தில் புகை படிகிறது. தொட்டால் பிசுபிசுப்பு. துடைத்தால் இழுவுகிறது. உள்ளே லேசாகத் தித்திப்பான ஒரு வாசனை வேறு. கழுவினால் போகுமா?

#17 திருகாணி

நெடுஞ்சாலை, துணியைக் கீழே வையுங்கள். இது துடைக்கும் வேலை இல்லை, பட்டறை வேலை.

தித்திப்பு வாசனை, பிசுபிசுப்பு, ஹீட்டர் போட்டால் படலம், மூன்றும் சேர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீட்டர் கோர். டேஷ்போர்டுக்குள் இருக்கும் சின்ன ரேடியேட்டர் அது, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக அதன் வழியாக ஓடும், மேலே காற்று வீசி வண்டியைச் சூடாக்கும். அதில் ஊசி முனை ஓட்டை விழுந்தாலும் கூலன்ட் ஆவி காற்றோடு நேரே கண்ணாடிக்கு வரும். கூலன்ட்டில் இருக்கும் தண்ணீர் காய்ந்துபோகும், அதோடு கலந்த கிளைக்கால் தங்கும். உங்கள் பிசுபிசுப்பு அதுவாகத்தான் இருக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு கூலன்ட் தொட்டியில் மட்டம் பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது, பீறிட்டு முகத்தில் அடிக்கும். மட்டத்தில் ஒரு குறி வைத்துவிட்டுச் சில நாள் கழித்து மறுபடி பாருங்கள். முன்பக்கக் கால் வைக்கும் இடங்களில் கம்பளத்தை அழுத்துங்கள், ஈரமோ பிசுக்கோ இருக்கிறதா என்று. மட்டம் இறங்கினால் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், தித்திப்பு என்பதால் குழந்தைகளும் நாயும் பூனையும் ஏமாறும். கம்பளத்தில் இறங்கியிருந்தால் கழுவி எடுக்கும்வரை அவர்களை ஏற்றாதீர்கள். கூலன்ட் குறையக் குறைய எஞ்சினும் சூடாகும், தள்ளிப் போட வேண்டாம்.

முதலில் இரண்டு வரியில் பதில் சொன்னவன் இவ்வளவு எழுதுகிறேன் என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

#18 நெடுஞ்சாலை

நான்கு நாளில் குறியிலிருந்து ஒரு விரல் இறங்கிவிட்டது. வலது பக்கக் கம்பளத்தின் அடியில் ஈரம். வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டேன். மிக்க நன்றி திருகாணி. நான் பாட்டுக்கு இந்த வாரம் நாலாவது புட்டி வாங்கியிருப்பேன்.

#19 பழையவண்டி

ஒரு ஒப்புதல் வாக்குமூலம். இரவில் வண்டியை நிறுத்தி, வெளியே நின்று டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். என் 'பளபள' கண்ணாடியில் இத்தனை வருடத்துக் கையெழுத்தும் தெரிந்தது. ஓரத்திலிருக்கும் கறுப்புப் புள்ளிகளின் மேல் கரிமை வேறு, தாளின் மையாக இருக்கும். ஆல்கஹால் முறை நாளை காலை. வாத்தியார் சிரிக்க வேண்டாம்.

#20 இரவுவண்டி

மூன்று வாரம் ஆயிற்று, முடிவைச் சொல்லாமல் போவது முறையில்லை.

பாலிஷை எடுக்க மூன்று முறை துடைக்க வேண்டியிருந்தது. துணியில் வந்த வழுவழுப்பைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. பிறகு துடைப்பவன் சொன்னதை நம்பாமல் இல்லை, ஆனாலும் ஒரு சோதனை செய்து பார்த்தேன். கண்ணாடியின் இடப்பாதியைக் கண்டிஷனரில் துவைத்த பழைய துணியாலும், வலப்பாதியைப் புதுத் துணியாலும், ஒரே ஆல்கஹால் கலவை, ஒரே மூன்று சுற்று. அன்று இரவு ஒரு விளக்குக் கம்பத்துக்கு எதிரே நிறுத்திப் பார்த்தேன். வலப்பக்கம் கண்ணாடி இருக்கிறதா என்றே சந்தேகம். இடப்பக்கம் விளக்கைச் சுற்றி வட்டம். நடுவில் கத்தியால் கீறிய மாதிரி எல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அதைப் பார்த்துவிட்டு, ஏழு மாதமும் எங்களை இப்படியா ஓட்டிக்கொண்டு போனாய் என்றாள். மறுநாளே இடப்பக்கமும் புதுத் துணி.

மூன்று நாளில் திரும்பிய மங்கல் இப்போது மூன்று வாரமாகியும் விரல் வைத்தால்தான் லேசாகத் தெரிகிறது. நிறுத்தும்போது வெயில் மறைப்புத் தட்டி வைக்கிறேன், டேஷ்போர்டு அவ்வளவு சூடாவதில்லை. அந்த மூலை புறங்கையில் எட்டுகிறது. முதல் நாள் மட்டும் தோள் பிடித்துக்கொண்டது.

ஒரே ஒரு குறை. நேற்று மாலை வெயிலில் என் கண்ணுக்கு நேரே ஒரு நீளத் தீற்றல். மூன்று முறை உள்ளே துடைத்தேன், அசையவில்லை. அப்புறம்தான் உறைத்தது, கோடு இடமிருந்து வலமாகப் போகிறது.

#21 துடைப்பவன்

வைப்பர் ரப்பரைத் துடைத்துப் பாருங்கள் சார்.